எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பு: அணியா, ஆதாரமா?

வழிப்போக்கன்:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஏற்பாட்டைத் தொடக்கத்திலிருந்து நிதானமாக வாசித்து வருகிறேன். ஏழு, பத்து, பன்னிரண்டு, நாற்பது, எழுபது ஆகிய எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நோவாவின் காலத்தில் மழை நாற்பது நாள் பெய்கிறது. மோசே நாற்பது நாள் மலையில் இருக்கிறார். மக்கள் நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைகிறார்கள். இவற்றை வெறும் கால அளவைகள் என்று எடுத்துக்கொண்டு கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

எபிரேய மொழியில் எழுத்துகளே எண்களாகவும் வழங்குகின்றன என்றும், அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு என்றும், அந்தத் தொகையை வைத்துப் பொருள் காணும் முறைக்குக் கெமத்ரியா என்று பெயர் என்றும் அறிந்தேன். ஆனால் இணையத்தில் தேடினால், பெயர்களைக் கூட்டி எதிர்காலம் சொல்வோரும் உலக முடிவுக்கு நாள் குறிப்போரும்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். எனக்கு வேண்டியது அதுவன்று. யூத அறிஞர்கள் தங்கள் மரபுக்குள் இந்த முறையை எப்படிக் கையாண்டார்கள், எந்த அளவுக்கு அதன்மேல் பாரம் வைத்தார்கள், எந்த இடத்தில் போதும் என்று நிறுத்தினார்கள் என்பதையே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கூடவே இரண்டு சிறிய ஐயங்களும் உள்ளன: 18 என்னும் எண் ஏன் உயிரைக் குறிக்கிறது? 15ஐ எழுதும்போது ஏன் பத்துக்கும் ஐந்துக்கும் உரிய எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதில்லை?

விரிவாக எழுதுங்கள், பொறுமையாக வாசிப்பேன்.

சுவடிநேயன்:

நல்ல கேள்வி, நண்பரே. முதலில் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தை வாசித்திருப்பீர்கள். எட்டு வசனங்களுக்கு ஒருமுறை ஆலெப், பேத், கிமெல் என்று தலைப்புப் போல வருபவை அந்த எழுத்துகளின் பெயர்கள்தாம். 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டு வசனங்களாக 176 வசனங்கள். இந்த வரிசையில் முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரையிலும், அடுத்த ஒன்பது 10, 20 என 90 வரையிலும், எஞ்சிய நான்கும் 100, 200, 300, 400 என்றும் மதிப்புப் பெறும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: வேதாகமத்தின் மூலபாடத்தில் எண்கள் சொற்களாகவே எழுதப்பட்டுள்ளன. எழுத்தை எண்ணாக வழங்கும் பழக்கம் பிற்பட்டது. ரோமருக்கு எதிராகக் கி.பி. 66ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சியின்போது வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் கிளர்ச்சியின் ஆண்டை எழுத்தால் குறித்திருப்பதைக் காணலாம். கிரேக்கரும் தங்கள் எழுத்துகளை இவ்வாறே எண்களாக வழங்கினர். கெமத்ரியா என்னும் பெயரும் கிரேக்கத்திலிருந்து வந்ததே.

உங்கள் சிறிய ஐயங்களுக்கு உடனே விடை சொல்லிவிடலாம். ‘ஹை’ என்றால் உயிருள்ள என்று பொருள். கேத் 8, யோத் 10, ஆக 18. அதனால்தான் இன்றும் யூதர்கள் திருமணத்துக்கும் அறக்கொடைக்கும் பணம் கொடுக்கும்போது 18, 36, 180 என அதன் மடங்குகளில் கொடுப்பதை விரும்புகிறார்கள். பதினைந்தைப் பொறுத்தவரை, யோத் என்னும் எழுத்தையும் ஏ என்னும் எழுத்தையும் சேர்த்தால் ‘யா’ என்றாகும். அது இறைவனின் திருப்பெயர். அல்லேலூயா என்பதன் கடைசியில் ஒலிப்பது அதுவே. அந்தப் பெயரைக் கணக்கெழுதப் பயன்படுத்துவது முறையன்று என்பதால் ஒன்பதையும் ஆறையும் சேர்த்து, அதாவது தேத், வௌ என்று எழுதுகிறார்கள். பதினாறும் இப்படியே ஒன்பது, ஏழு ஆகும். ஷெவாத் மாதம் பதினைந்தாம் நாள் மரங்களின் புத்தாண்டு. அதற்குத் ‘தூ பிஷ்வாத்’ என்று பெயர். அந்தத் ‘தூ’ என்பது தேத், வௌ என்னும் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து வாசித்ததுதான்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில், சிறைபிடிக்கப்பட்ட லோத்தை மீட்க ஆபிராம் 318 பேரைக் கூட்டிக்கொண்டு நான்கு அரசர்களைத் துரத்திச் செல்கிறார். முந்நூறு என்று முழு எண்ணாகச் சொல்லாமல் 318 என்று ஏன் சொல்ல வேண்டும்? யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் விளக்கங்களும் அடங்கிய தொகுப்பாகிய தல்மூத்தின் நெதாரிம் பகுதியில் ஒரு விடை உண்டு. ஆபிராமின் வேலைக்காரனாகிய எலியேசரின் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டினால் 1, 30, 10, 70, 7, 200 என 318 வருகிறது. ஆகவே படை எதுவும் போகவில்லை, எலியேசர் ஒருவர்தான் உடன் போனார் என்கிறார்கள். இதில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். வெற்றி மனிதர் எண்ணிக்கையால் வந்ததன்று, இறைவனால் வந்தது என்னும் கருத்து உரையாசிரியரிடம் முன்பே இருக்கிறது. எண் அந்தக் கருத்தைப் பிறப்பிக்கவில்லை. கருத்துக்கு வசனத்தில் ஓர் இருப்பிடத்தை மட்டும் தேடித் தருகிறது.

என் உறுதியான எண்ணம் இதுதான்: இந்த மரபின் நல்ல கெமத்ரியாக்கள் அனைத்தும் முன்பே அறிந்த ஒன்றை நினைவில் நிறுத்துவதற்காகவும், அதில் மகிழ்வதற்காகவும் எழுந்தவை, அறியாத ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக எழுந்தவையல்ல. இது நானாகச் சொல்வதன்று. தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் ‘பிதாக்களின் வாக்கு’ என்னும் பகுதியின் மூன்றாம் அதிகாரம் எலெயாசார் பென் ஹிஸ்மா என்னும் ரபியின், அதாவது யூத ஆசானின், கூற்றோடு முடிகிறது. பறவைப் பலிகள் பற்றிய விதிகளும் பெண்களின் தீட்டு நாள்களைக் கணிக்கும் விதிகளும் சட்டத்தின் உடல் என்றும், வானியல் கணிப்பும் கெமத்ரியாவும் ஞானத்துக்குத் தொடுகறி என்றும் அவர் சொல்கிறார். கேட்பதற்குச் சுவையற்ற விதிகளை உடல் என்றும், கேட்டவுடன் வியக்கவைக்கும் கணக்குகளைத் தொடுகறி என்றும் அவர் பிரித்திருப்பதில் பெரிய தெளிவு இருக்கிறது.

சுவைக்காகச் சில. திராட்சரசம் என்னும் பொருளுடைய ‘யயின்’ 70. இரகசியம் என்னும் பொருளுடைய ‘சோத்’ என்பதும் 70. ரசம் உள்ளே போனால் இரகசியம் வெளியே வரும் என்கிறது தல்மூத். ‘ஹ-சாத்தான்’ என்பதன் தொகை 364. ஆண்டின் 365 நாள்களில் ஒரு நாள் மட்டும், அதாவது பாவநிவாரண நாளில், குற்றஞ்சாட்ட அவனுக்கு அனுமதியில்லை என்று யோமா என்னும் பகுதி விளக்குகிறது. எஸ்தரின் கதையை நினைவுகூரும் பூரிம் பண்டிகையில், ‘ஆமான் சபிக்கப்பட்டவன்’ என்பதற்கும் ‘மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவன்’ என்பதற்கும் வேறுபாடு தெரியாத அளவுக்குக் குடிக்கலாம் என்று ஒரு கூற்று உண்டு. எபிரேயத்தில் அந்த இரண்டு தொடர்களின் தொகையும் 502தான்!

எனக்கு மிகவும் பிடித்தது 613. வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களாகிய தோராவில் 613 கட்டளைகள் உள்ளன என்று ரபி சிம்லாய் போதித்தார்: ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 விலக்குகள், மனித உடலின் உறுப்புகளுக்கு ஈடாக 248 ஏவல்கள். தோரா என்னும் சொல்லின் தொகையோ 611. எஞ்சிய இரண்டு? பத்துக் கட்டளைகளின் முதல் இரண்டையும் மக்கள் மோசே வழியாக அல்லாமல் இறைவனின் வாயிலிருந்தே நேராகக் கேட்டார்கள். ஆகவே மோசே கொடுத்தவை 611 என்று மக்கோத் பகுதி சொல்கிறது. அதே பக்கம் அங்கேயே நிற்பதில்லை. தாவீது வந்து அவற்றைப் பதினொன்றில் நிறுத்தினார், ஏசாயா ஆறில், மீகா மூன்றில், மீண்டும் ஏசாயா இரண்டில், இறுதியில் ஆபகூக் ‘நீதிமான் தன் விசுவாசத்தினால் பிழைப்பான்’ என்னும் ஒன்றில் நிறுத்தினார் என்று தொடர்கிறது. எண்ணிக்கையைப் பெருக்கி வியந்த அறிஞர்களே அதைச் சுருக்கவும் அறிந்திருந்தார்கள்.

அகரம்:

சுவடிநேயன் ஐயா அவர்களின் விளக்கம் நிறைவாக இருந்தது. எனினும் ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். தொடுகறி என்னும் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், இந்த மக்கள் எழுத்துகளின்மேல் வைத்திருந்த பயபக்தி நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

படைப்பு நிகழ்ந்ததே சொல்லால் என்பது ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். அதனால் எழுத்துகள் அவர்களுக்கு ஒலிக்குறிகள் மட்டுமல்ல. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேல், வானமும் பூமியும் படைக்கப்பட்ட எழுத்துகளைச் சேர்க்கும் விதத்தை அறிந்திருந்தான் என்று தல்மூத்தின் பெராகோத் பகுதி சொல்கிறது. ‘செஃபெர் யெட்சிரா’ என்னும் பழைய சிறுநூல், செஃபிராக்கள் என்னும் பத்து அடிப்படை எண்களும் 22 எழுத்துகளும் சேர்ந்த 32 ஞான வழிகளால் உலகம் உண்டானது என்று தொடங்குகிறது. 32 என்பது இதயம் என்னும் பொருளுடைய ‘லேவ்’ என்பதன் தொகை. அந்தச் சொல்லின் இரண்டு எழுத்துகளான லாமேத், பேத் ஆகியவற்றில், லாமேத் தோராவின் கடைசிச் சொல்லாகிய ‘இஸ்ராயேல்’ என்பதன் இறுதி எழுத்து. பேத் தோராவின் முதல் சொல்லாகிய ‘பெரேஷித்’ என்பதன் முதல் எழுத்து. ஆண்டுதோறும் தோராவை முடித்த அன்றே மறுபடி தொடங்குகிறார்கள் அல்லவா? முடிவும் தொடக்கமும் சேருமிடத்தில் இதயம் என்னும் சொல் உருவாகிறது.

நெடுங்கணக்கின் முதல் எழுத்தாகிய ஆலெப் இருக்க, தோரா ஏன் பேத்தில் தொடங்குகிறது என்னும் கேள்வியை ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ், அதாவது ரபிகளின் விளக்கத் தொகுப்பு, எழுப்புகிறது. பேத் என்னும் எழுத்து மூன்று பக்கமும் மூடியிருக்கும். வாசிக்கும் திசையில் மட்டும் திறந்திருக்கும். மேலே என்ன, கீழே என்ன, படைப்புக்கு முன் என்ன என்று துருவாதே, படைப்பிலிருந்து முன்னோக்கி மட்டும் கேள் என்பது அதன் பாடம். இடம் பெறாத ஆலெப் முறையிட்டபோது, சீனாய் மலையில் நான் பேசும் முதல் சொல் உன்னில்தான் தொடங்கும் என்று இறைவன் ஆறுதல் கூறினாராம். பத்துக் கட்டளைகளின் முதல் சொல் ‘அனோகி’, அதாவது ‘நான்’. அது ஆலெப்பில் தொடங்குகிறது. இங்கே கூட்டல் கணக்கு எதுவும் இல்லை. எழுத்தின் வடிவமும் இடமுமே பொருள் தருகின்றன.

உண்மை என்னும் பொருளுடைய ‘எமெத்’ என்பது ஆலெப், மேம், தௌ என்னும் மூன்று எழுத்துகள்: நெடுங்கணக்கின் முதல், நடு, கடை. சொல்லின் இறுதியில் வடிவம் மாறும் ஐந்து எழுத்துகளையும் சேர்த்து 27 என்று எண்ணினால் மேம் சரியாகப் பதினான்காவது, துல்லியமான நடு. பொய் என்னும் பொருளுடைய ‘ஷெக்கெர்’ என்பதன் மூன்று எழுத்துகளோ வரிசையில் அடுத்தடுத்து நெருக்கி நிற்பவை. பொய் அருகிலேயே கிடைக்கும், உண்மைக்கு வெகுதூரம் போக வேண்டும் என்று ஷபாத் பகுதி விளக்குகிறது. இறைவனின் முத்திரை ‘எமெத்’ என்றும் அங்கே வருகிறது. பிராகாவின் கோலெம் கதையில், களிமண் மனிதனின் நெற்றியிலுள்ள ‘எமெத்’ என்பதிலிருந்து ஆலெப்பை அழித்தால் இறந்தவன் என்னும் பொருளுடைய ‘மெத்’ மட்டும் எஞ்சி அவன் வீழ்ந்துவிடுகிறான். முதலெழுத்தை நீக்கினால் உண்மை பிணமாகிறது.

‘எஹாத்’, ஒன்று, 13. ‘அஹவா’, அன்பு, 13. இரண்டும் சேர்ந்தால் 26. அது உச்சரிக்கக் கூடாத நான்கெழுத்துத் திருப்பெயரின் தொகை. ‘ஒருவரே’ என்று அறிக்கையிடும் வசனத்துக்கு அடுத்த வசனமே ‘அன்புகூருவாயாக’ என்று தொடங்குவதைக் கண்ட ஒருவருக்கு, இந்தக் கணக்கு வெறும் சுவையூட்டியாக இருக்க முடியாது என்பதே என் வாதம். அது தியானத்துக்கான வாயில்.

செங்காந்தள்:

கெமத்ரியாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கேள்வி கேட்டவர் முதலில் குறிப்பிட்டது நாற்பதையும் எழுபதையும். அவை வேறு வகை. எழுத்துக் கூட்டலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவை வேதபாடத்தின் கட்டமைப்பிலேயே உள்ளவை, வழிபாட்டிலும் சட்டத்திலும் தொடர்பவை.

ஏழு என்பது நிறைவுற்ற காலத்தின் அளவு. ஏழாம் நாள் ஓய்வு, ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு, ஏழேழு ஆண்டுகள் கழிந்தபின் ஐம்பதாவது யூபிலி. பஸ்காவிலிருந்து ஏழு வாரங்களை நாள்நாளாக எண்ணிய பின்பே வாரங்களின் பண்டிகை வரும். எட்டு என்பது அந்த வட்டத்துக்கு வெளியே ஓரடி வைப்பது. விருத்தசேதனம் எட்டாம் நாளில், ஹனுக்கா எட்டு நாள். ஏழு இயற்கைக்கும் எட்டு இயற்கைக்கு மேலானதற்கும் உரியது என்று பதினாறாம் நூற்றாண்டில் பிராகாவில் வாழ்ந்த மஹரால் என்னும் ரபி விரித்து எழுதினார்.

எழுபதுக்கு ஓர் அழகான சான்று எண்ணாகமம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கூடாரப் பண்டிகையின் முதல் நாளில் 13 காளைகள், இரண்டாம் நாளில் 12, அடுத்து 11 எனக் குறைந்து ஏழாம் நாளில் 7 காளைகள் பலியிடப்படும். வாசிக்கும்போது சலிப்பூட்டும் பட்டியல்தான். கூட்டிப் பாருங்கள், 70 வரும். ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தில் நோவாவின் சந்ததியாரை மரபு 70 இனங்களாக எண்ணுகிறது. இந்த 70 காளைகளும் உலகின் எழுபது இனங்களுக்காகச் செலுத்தப்பட்டவை என்கிறது சுக்கா பகுதி. அதன்பின் எட்டாம் நாளில் ஒரே ஒரு காளை, இஸ்ரவேலுக்காக. தேவாலயம் இருந்த காலத்தில் பிற இனத்தாருக்காகவும் பலி நடந்தது என்பதை இந்தக் கூட்டல் வெளிக்கொணர்கிறது. இது எவரும் வலிந்து திணித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நாற்பது, ஒன்று மறைந்து மற்றொன்று உருவாவதற்கு வேண்டிய அளவு. வெள்ளத்தின் நாற்பது நாளில் பழைய உலகம் கழிகிறது. வனாந்தரத்தின் நாற்பது ஆண்டுகளில் அடிமைகளாகப் புறப்பட்ட தலைமுறை கழிந்து புதிய தலைமுறை எழுகிறது. கரு உருப்பெற நாற்பது நாள் ஆகும் என்பது தல்மூத்தின் கணக்கு. தூய்மைச் சடங்குக்கான நீர்த்தொட்டியாகிய மிக்வாவில், செயா என்னும் பழைய முகத்தலளவையில் குறைந்தது நாற்பது செயா நீர் இருக்க வேண்டும். தீட்டோடு மூழ்குபவர் தூய்மையானவராக எழுகிறார்.

பத்துப் பேர் கூடினால்தான் பொதுத் தொழுகை நடத்த முடியும். அந்தப் பத்துப் பேரை எண்ணுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மனிதரைத் தலைகளாக எண்ணக் கூடாது என்பது மரபு. யாத்திராகமம் 30ஆம் அதிகாரம், மக்களைக் கணக்கெடுக்கும்போது ஆளுக்கு அரைச் சேக்கல் வாங்கச் சொல்கிறது; தாவீது மக்களை எண்ணியபோது கொள்ளைநோய் வந்ததைச் சாமுவேலின் புத்தகத்தில் வாசிக்கிறோம். ஆகவே தொழுகைக்கு ஆள் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, 28ஆம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனத்தை ஆளுக்கொரு சொல்லாக மனத்துக்குள் சொல்வார்கள். எபிரேயத்தில் அது சரியாகப் பத்துச் சொற்கள். சிலர் ‘ஒன்று அல்ல, இரண்டு அல்ல’ என்று எண்ணுவார்கள். எண்களை இவ்வளவு நேசித்த மரபு மனிதனை எண்ணாக்க மறுத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வழிப்போக்கன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, கெமத்ரியா சட்டத்தின் உடலன்று என்றால், அதிலிருந்து ஒரு சட்டம்கூடப் பிறக்கவில்லையா? இறைவனுக்கென்று தன்னைப் பிரித்துக்கொள்பவர் பூணும் நசரேய விரதத்தின் முப்பது நாளும் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளும் எண்மதிப்பிலிருந்து வந்தவை என்று எங்கோ வாசித்தேன். இரண்டாவது, எரேமியாவின் புத்தகத்தில் ‘சேசாக்கு’ என்னும் நாட்டின் அரசனைப் பற்றி வருகிறது. அப்படி ஒரு நாடு எங்கும் இல்லை என்றும், அது ஒரு மறைபெயர் என்றும் சொல்கிறார்களே, அதன் வழி என்ன?

சுவடிநேயன்:

முதல் கேள்வி கூர்மையானது. என் கருத்துக்கு எதிராக வைக்கத்தக்க மிகச் சிறந்த சான்றுகளும் நீங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டுதான். ஆகவே அவற்றை நேராகவே பார்ப்போம்.

கால அளவு குறிப்பிடாமல் நசரேய விரதம் பூண்டால் அது முப்பது நாள் என்று மிஷ்னா காரணம் கூறாமல் விதிக்கிறது. பின்வந்த தல்மூத் அறிஞர்கள் இந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நசரேயன் ‘பரிசுத்தமாயிருப்பான்’ என்னுமிடத்தில் வரும் ‘யிஹ்யே’ என்பதன் தொகை 30 என்கிறார் ராவ் மத்னா. உடனே பார் பதா என்பவர் வேறொரு விளக்கம் தருகிறார்: நசரேயம் தொடர்பான சொல் தோராவில் 29 முறை வருவதால் விரதம் 29 நாளே, முப்பதாம் நாள் முடி மழிக்கும் நாள் என்கிறார். ஓய்வுநாள் வேலைகளிலும் இப்படியே. ‘நாற்பதுக்கு ஒன்று குறைவு’ என்று மிஷ்னா பட்டியலிட்டுவிட்டது. ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்ட வேண்டியிருந்த வேலைகள் இவை என்று ஒருவரும், வேலை என்னும் சொல் தோராவில் 39 முறை வருகிறது என்று மற்றொருவரும் காரணம் காட்டுகிறார்கள். ரபி நாதான், யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் மோசே சொல்லும் ‘இந்த வார்த்தைகள்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்கிறார். ‘ஏலே’ என்பதன் தொகை 36; ‘வார்த்தைகள்’ என்னும் பன்மைக்கு 2; அதற்கு முன்னுள்ள சுட்டெழுத்துக்கு 1; ஆக 39.

எண் முதலில் வந்துவிட்டது. காரணங்கள் பின்னால் வந்தன, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டு வந்தன. ஒரு சட்டம் எண்மதிப்பிலிருந்தே பிறந்திருந்தால், வேறொருவர் வேறொரு வழியைக் காட்டவேண்டிய தேவையே எழுந்திராது.

எதிர்ப்புக் குரல்களும் மரபுக்குள்ளிருந்தே எழுந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஆபிரகாம் இப்னு எஸ்ரா, நான் முதலில் சொன்ன அந்த 318 வசனத்துக்கே உரை எழுதும்போது, வேதம் கெமத்ரியாவில் பேசுவதில்லை என்றும், விரும்புகிறவன் எந்தப் பெயரையும் நன்மைக்கோ தீமைக்கோ திருப்பிவிடலாம் என்றும் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். ஆடையின் தொங்கல்களாகிய ‘சீசித்’ என்பதன் தொகை 600, அதோடு எட்டு நூல்களும் ஐந்து முடிச்சுகளும் சேர்ந்தால் 613 என்று புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷி எழுதினார். தோராவில் அந்தச் சொல் இரண்டாம் யோத் இல்லாமல் எழுதப்பட்டிருப்பதால் 600 வரவில்லையே என்று அவருக்குப் பின்வந்த உரையாசிரியர் ரம்பான் மறுத்தார். அந்த ரம்பான் கெமத்ரியாவை அடியோடு தள்ளியவர் அல்லர், மறைஞானத்தில் ஊறியவர். ஆனால், முன்னோர் வழியாக வந்தவற்றை ஏற்கலாம், தன் மனத்தில் தோன்றியதை எண்ணிலிருந்து வருவிக்க எவருக்கும் உரிமையில்லை என்று அவர் எல்லை வகுத்தார்.

அந்த எல்லையை மீறினால் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1665ஆம் ஆண்டில் சப்பத்தாய் ஸ்வி என்பவர் தம்மை மேசியா என்று அறிவித்தார். ஐரோப்பாவிலும் ஒட்டோமான் பேரரசிலும் எண்ணற்ற யூதக் குடும்பங்கள் அவரை நம்பின. சிலர் உடைமைகளை விற்றுப் புனித நாட்டுக்குப் புறப்பட ஆயத்தமானார்கள். அவருடைய பெயரின் தொகை 814. தமிழில் ‘சர்வவல்லவர்’ என வரும் ‘ஷத்தாய்’ என்னும் திருப்பெயரின் மூன்று எழுத்துகளையும் அவற்றின் பெயர்களாக விரித்து எழுதிக் கூட்டினால் அதுவும் 814. நம்பியவர்களுக்கு இது சான்றாகவே தோன்றியது. 1666 செப்டம்பரில் அவர் சுல்தான் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவினார். அப்போதும் கணக்கு நிற்கவில்லை; மேசியா என்பதன் தொகை 358, பாம்பு என்னும் பொருளுடைய ‘நஹாஷ்’ என்பதன் தொகையும் 358, ஆகவே மேசியா தீமைக்குள் இறங்கித்தான் அதை வெல்ல வேண்டும் என்று எஞ்சிய அடியார்கள் விளக்கினார்கள். 358 என்னும் பொருத்தத்தைப் பக்தியுள்ள உரையாசிரியர்களும் எடுத்தாண்டதுண்டு. தொகை ஒன்றேதான், அதன்மேல் யார் எதை ஏற்றினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அகரம் அவர்களின் கருத்தை நான் மறுக்கவில்லை. ஒன்றும் அன்பும் சேர்ந்து 26 ஆவதைத் தியானிக்கலாம்; தியானிக்கத்தான் வேண்டும். ஆனால் ‘இறைவன் ஒருவரே, அவரிடத்தில் அன்புகூர்’ என்னும் கட்டளை அந்தக் கூட்டல் இல்லாவிட்டாலும் அதே வலிமையோடு நிற்கும். எழுத்துகளை விரித்துக் கூட்டுவது, பூச்சியங்களை நீக்கிக் கூட்டுவது, சொல்லுக்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்வது எனப் பல முறைகள் உள்ளன. இவற்றுள் எது வேண்டுமானாலும் கையாளலாம் என்றால் எந்த இரண்டு சொல்லையும் சமமாக்கிவிட முடியும்.

அகரம்:

ஐயா சொன்ன எல்லையை நானும் ஏற்கிறேன். தியானிப்பவர் வசனத்துக்கு உள்ளேயே நிற்கிறார், நாள் குறிப்பவர் அதைவிட்டு வெளியேறிவிடுகிறார் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சேசாக்கு பற்றிய இரண்டாம் கேள்விக்கு விடை எழுதுகிறேன்.

இது கூட்டல் அல்ல, எழுத்து மாற்றம். நெடுங்கணக்கின் முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்தையும், இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தியதையும் என்று தலைகீழாக மாற்றி எழுதும் முறைக்கு அத்பாஷ் என்று பெயர். ஆலெப்புக்குத் தௌ, பேத்துக்கு ஷீன் என்னும் அந்த முதல் இரண்டு மாற்றங்களைச் சேர்த்து வாசித்ததே அந்தப் பெயர். பாபிலோனுக்கு எபிரேயத்தில் ‘பாவெல்’: பேத், பேத், லாமேத். மாற்றினால் ஷீன், ஷீன், கப், அதுவே சேசாக்கு. எரேமியா 51ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலும் இது உண்டு. ‘எனக்கு விரோதமாய் எழும்புகிறவர்கள்’ என்னும் கருத்தில் தமிழில் வரும் இடத்தில் மூலத்தில் ‘லேவ் காமாய்’ என்றிருக்கிறது. அதன் ஐந்து எழுத்துகளையும் மாற்றிப் போட்டால் ‘கஸ்தீம்’, அதாவது கல்தேயர் என்று வரும்.

பாபிலோனியருக்கு அஞ்சிப் பெயரை மறைத்தார் என்று பலர் விளக்குவதுண்டு. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. அதே 51ஆம் அதிகாரத்தின் 41ஆம் வசனத்தில் சேசாக்கு பிடிபட்டதைச் சொன்ன வாயாலேயே பாபிலோன் பாழானதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். மறைப்பதே நோக்கமாக இருந்தால் இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்திருக்க மாட்டார். உலகை ஆண்ட நகரத்தின் பெயரைக் கடைசியிலிருந்து எழுதிக்காட்டுவதே அதன் வீழ்ச்சியை அறிவிக்கும் செயலாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எழுத்துகள்மேல் கொண்ட இந்த அச்சமும் கவனமும் நம் காலத்திலும் தொடர்கின்றன. யூத நாள்காட்டியில் ஆண்டை எழுத்துகளால் எழுதும்போது ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். 1983 இலையுதிர் காலத்தில் தொடங்கிய 5744ஆம் ஆண்டை வழக்கமான வரிசையில் எழுதினால் தௌ, ஷீன், மேம், தாலெத். அந்த வரிசை ‘அழிக்கப்படுவாய்’ என்று வாசிக்கத்தக்கதாக இருந்தது. ஆகவே கடைசி இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றித் தௌ, ஷீன், தாலெத், மேம் என்று எழுதினார்கள். எப்படி எழுதினாலும் தொகை 744தான்.